பழைய பிக்கப் வண்டியின் தேய்ந்த ஸ்பிரிங் பிராக்கெட்டுகளைச் சரிசெய்யும் முறை

பழைய பிக்கப் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்புறத்தில் ‘டக்’கென்று ஒலி எழுந்தால், பலரும் புஷ்ஷை (ஸ்பிரிங்கின் முனைத் துளையில் இருக்கும் ரப்பர் உறையை) மட்டும் மாற்றிவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் லீஃப் ஸ்பிரிங்கை (எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்கை) வண்டியின் சட்டமான சேஸிஸோடு பிணைக்கும் பிராக்கெட்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, அதன் ரிவெட்டுகள் தளர்ந்திருந்தாலோ, புதிய புஷ்ஷும் நெடுநாள் தாங்காது. ரிவெட்டின் தலையைச் சுற்றித் துருத்தூள் வழிந்த தடம் காணப்பட்டால், அது பெரும்பாலும் உள்ளே அசைந்துகொண்டிருக்கிறது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுத்து, சேஸிஸின் அடியில் ஸ்டாண்டுகளை வைத்த பின், ஸ்பிரிங்கின் இறுக்கம் தளரும் உயரத்தில் ஆக்சிலைத் தனி ஜாக்கியால் தாங்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுவது நல்லது. அப்போதுதான் ஆக்சில் இடம் மாறாது.

ஸ்பிரிங்கின் ஒரு முனையைப் பிராக்கெட்டோடு இணைக்கும் அசையும் இணைப்பான ஷேக்கிளின் துருவேறிய போல்ட்டில் முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடலாம். தீச்சுடரை நான் பரிந்துரைக்க மாட்டேன்: ஸ்பிரிங் பட்டைகள் தம் பதத்தை இழக்கும், அருகிலேயே எரிபொருள் குழாயும் இருக்கக்கூடும். ரிவெட்டின் தலையைக் கிரைண்டரால் தேய்த்தெடுத்து, நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் குறியிட்டு, முதலில் சிறிய டிரில்லாலும் பின்னர் பெரியதாலும் துளைத்தால், எஞ்சிய தண்டு சுத்தியல் அடிக்கு வெளியேறிவிடும். சேஸிஸின் துளையை டிரில் கடிக்காதபடி பொறுமையாகச் செய்ய வேண்டிய கட்டம் இதுவே. பிராக்கெட் கழன்றதும் சேஸிஸை வெற்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, துளைகளைச் சுற்றி விரிசல் உள்ளதா என்று பார்க்கவும். விரிசல் இருந்தால், பேட்டரி இணைப்பை நீக்கி, எரிபொருள் தொட்டியை அகற்றி, தேர்ந்த வெல்டரிடம் ஒப்படைக்க வேண்டும்.

புதிய பிராக்கெட்டை 10.9 தர (உயர் வலிமை கொண்ட) போல்ட்டுகளால் பொருத்தலாம். போல்ட் துளையில் ஆட்டமின்றி இறங்க வேண்டும். இரு தகடுகளும் சேரும் இடத்தில் மரை அல்லாத வழுவழுப்பான தண்டே அமைய வேண்டும். துளை சற்று விரிந்திருந்தால், அதை ரீமரால் (துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் கருவியால்) அடுத்த அளவுக்குச் சீராக்கி, அதற்கேற்ற போல்ட்டை இடலாம். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் பழைய யூ-போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் புதியவற்றையே போடுங்கள்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) மீண்டும் சோதிக்கவும்.