முதல் ஓபராவை வீட்டிலேயே முழுதாகக் கேட்பது எப்படி: ‘லா போயேம்’ வைத்து ஐந்து மாலைகள்

முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் மேலை நாடகமான ஓபராவைக் கேட்கலாம் என்று உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டது எனக்கு மூன்று முறை நடந்தது. குரல்கள் பிடித்திருந்தன. ஆனால் யார் யாரிடம் எதற்காகப் பாடுகிறார்கள் என்பது பிடிபடவில்லை. நாலாவது முறை ஒரே ஓபராவை எடுத்துக்கொண்டு ஐந்து மாலைகள் கேட்டேன். ஐந்தாவது மாலை அழுதுவிட்டேன். அந்த ஐந்து மாலைகளில் என்ன செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

படி 1: ஒன்றே ஒன்றை எடுங்கள்

என் பரிந்துரை இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘லா போயேம்’. 1896 பிப்ரவரி 1 அன்று இத்தாலியின் தூரின் நகரில், தேயாத்ரோ ரேஜோ அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் 28 வயது தொஸ்கனீனி. நாலு அங்கங்களும் சேர்ந்து சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். வாக்னரின் ‘ரிங்’ நாலு இரவுகளில் ஏறக்குறைய 15 மணி நேரம் ஓடும். முதல் ஓபராவாக அதைத் தொடாதீர்கள்.

கதை 1830 வாக்கில் பாரிஸில் நடக்கிறது. வாடகை கட்டக் காசில்லாத நாலு இளைஞர்கள் ஒரு மச்சு அறையில் குளிரில் நடுங்கிக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்களில் கவிஞன் ரொடோல்ஃபோ. பக்கத்து அறையில் பூவேலை தைக்கும் மிமீ, அணைந்துபோன மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொள்ள வந்து கதவைத் தட்டுகிறாள். இருவரும் காதலிக்கிறார்கள், பிரிகிறார்கள், கடைசியில் அதே அறைக்கு வந்து மிமீ காசநோயில் இறக்கிறாள். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருத்தப்படாதீர்கள். ஓபராவில் முடிவு தெரிந்திருந்தால்தான் இசை எதை நோக்கிப் போகிறது என்று காது கவனிக்கும்.

நான் இதைப் பரிந்துரைக்க முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முதல் அங்கத்தில் இருட்டில் மிமீயின் கை ரொடோல்ஃபோவின் கையில் படும்போது அவன் பாடும் மெட்டு, நாலாம் அங்கத்தில் அவள் சாகக் கிடக்கும்போது திரும்பி வருகிறது. அது திரும்பி வரும்போது உங்கள் காது அதை அடையாளம் காண வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

படி 2: எந்தப் பதிவு

1972இல் பெர்லினில் கராயன் நடத்திய டெக்கா ஒலிப்பதிவு. மிமீயாக மிரெல்லா ஃப்ரேனி, ரொடோல்ஃபோவாக பவரொட்டி. இருவரும் 1935இல் மொதேனா என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாசிப்பு, சொகுசான ஒலி. வேறு பதிவுகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு இதுவே போதும்.

எந்தச் செயலியில் கேட்டாலும் தொடங்கும் முன் ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். ஓபராவில் தனித்தனிப் பாட்டு என்று கிடையாது. ஓர் அங்கம் முழுவதும் ஒரே நீரோட்டம். தேடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் அதைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்கள். கிராஸ்ஃபேட் ஓடினால் ஒரு வரியின் கடைசிச் சொல்லோடு அடுத்த வரியின் முதல் சொல் கலந்துவிடும். துண்டுகளுக்கு இடையே இடைவெளி விடாமல் ஓட்டும் ‘கேப்லெஸ்’ என்று ஓர் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள்.

படி 3: ஒலி

முதலில் காணொளி பார்க்காதீர்கள், ஒலி மட்டும் கேளுங்கள். கம்பி உள்ள ஹெட்போன்தான் என் தேர்வு. அதிலும் பின்பக்கம் திறந்த வகை. நான் வைத்திருப்பது சென்ஹைசர் எச்டி 560எஸ்; மேடை காதுக்கு வெளியே விரிந்த மாதிரி கேட்கும். மூடிய வகையில் குரல் மண்டைக்குள்ளேயே பாடுவது போல இருக்கிறது.

டிவியில் கேட்பவர்கள் ஒலி அமைப்புகளுக்குள் போய் ‘நைட் மோட்’, ‘ஆட்டோ வால்யூம்’ இரண்டையும் அணையுங்கள். இவை மெல்லிய ஓசையைத் தூக்கி, பெரிய ஓசையை அழுத்திவிடும். ஓபராப் பாடகர்கள் மைக் இல்லாமல் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிப் பாடுகிறவர்கள். 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் குரலின் சக்தியைக் குவிக்கப் பல வருடங்கள் பயிற்சி எடுக்கிறார்கள். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான். மலிவான ஸ்பீக்கரில் அது மட்டும் துருத்திக்கொண்டு ‘கத்துகிற’ மாதிரி கேட்கும். டிரெபிளைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும்.

படி 4: வார்த்தைகள் (நான் சிக்கிக்கொண்ட இடம்)

ஓபராவின் பாட்டு வசனம் முழுவதும் உள்ள ஏட்டுக்கு லிப்ரெட்டோ என்று பெயர். ‘லா போயேம்’ ஏட்டை எழுதிய ஜகோசா 1906இலும் இல்லிக்கா 1919இலும் இறந்துவிட்டதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை. இத்தாலிய வரியும் ஆங்கில வரியும் பக்கம் பக்கமாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

நான் முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாடப் பாட வரிவரியாக விரல் வைத்துப் படித்தேன். முதல் அங்கத்தின் முதல் சில நிமிடங்களிலேயே தொலைந்துவிட்டேன். கவிஞனும் ஓவியனும் ஆளுக்கொரு வரியாக வேகமாகப் பேசுகிறார்கள். நான் வலப்பக்கம் அர்த்தம் பார்ப்பதற்குள் இடப்பக்கம் பத்து வரி ஓடிவிட்டது. நிறுத்தி, பின்னால் போய், மறுபடி நிறுத்தி... அப்படிக் கேட்டால் இசை மிஞ்சாது.

அதைவிடக் கஷ்டம் மூன்றாம் அங்கத்தின் முடிவில். பனி கொட்டும் பாரிஸ் சுங்கச்சாவடி. மிமீயும் ரொடோல்ஃபோவும் ‘வசந்தம் வரும்வரை சேர்ந்திருப்போம்’ என்று மெதுவாக விடைபெறுகிறார்கள். அதே நேரத்தில் ஓவியன் மார்செல்லோவும் அவன் காதலி முசேத்தாவும் ‘தேரை’, ‘சூனியக்காரி’ என்று ஏசிக்கொள்கிறார்கள். நாலு பேர், இரண்டு மனநிலை, ஒரே இசை. ஏட்டிலோ அது ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கிறது. ஒற்றைக் குரலைப் பின்தொடர்ந்தே பழகிய என் காதுக்கு அது வெறும் இரைச்சலாக இருந்தது.

தீர்வு இதுதான். ஏட்டைக் கேட்கும்போது படிக்காதீர்கள், கேட்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். ஓர் அங்கத்தைச் சிறுகதை படிப்பது போல உட்கார்ந்து படியுங்கள். இருபது நிமிடம் ஆகும். பிறகு ஒரு தாளில் அந்த அங்கத்தின் ஐந்தே ஐந்து சம்பவங்களை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். முதல் அங்கத்துக்கு நான் எழுதியது: கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டுக் குளிர்காய்கிறார்கள். வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரரைக் குடிக்கவைத்து வெளியே தள்ளுகிறார்கள். மிமீ கதவைத் தட்டுகிறாள். சாவி தொலைகிறது, அவன் கண்டெடுத்து ஒளித்துவைக்கிறான். கை படுகிறது. அவ்வளவுதான். ஏட்டை மூடிவைத்துவிட்டு, அந்தத் தாளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்தச் சம்பவத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் போதும், வார்த்தை தவறினால் பரவாயில்லை.

நால்வர் பாடும் இடத்தை மூன்று முறை கேளுங்கள். முதலில் மிமீயை மட்டும். அடுத்த முறை சண்டை போடும் ஜோடியை மட்டும். மூன்றாவது முறை எதையும் தேடாமல் கேளுங்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நாடகத்தில் ஒன்றும் காதில் விழாது, இசையில் மட்டும்தான் அது முடியும். ஓபரா என்ற கலையே இதற்காகத்தான் என்று தோன்றியது.

படி 5: ஐந்து மாலைகள்

ஒரு மாலைக்கு ஓர் அங்கம். படித்து, தாள் எழுதி, கேட்பது. இரண்டாம் அங்கம் இருபது நிமிடம்கூட வராது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, கஃபே மோமுஸ், கூட்டம், குழந்தைகள், முசேத்தாவின் வால்ட்ஸ். அதைக் கொண்டாட்டமாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

முதல் அங்கத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் வேலை. ‘கே ஜேலிதா மனீனா’, அதாவது ‘எவ்வளவு சில்லிட்ட சின்னக் கை’ என்று ரொடோல்ஃபோ தொடங்கும் இடம், மிமீ தன்னைப் பற்றிச் சொல்லும் பதில், அப்புறம் இருவரும் சேர்ந்து பாடுவது. மூன்றும் சேர்ந்து கால் மணி நேரம். இதைத் தினமும் ஒரு முறை கேளுங்கள், சமைக்கும்போதாவது. நாலாம் அங்கத்துக்குப் போவதற்குள் அந்த மெட்டு வாயில் முணுமுணுக்க வரவேண்டும்.

நாலாம் அங்கத்தை இரவில், தனியாக, போனைத் தூர வைத்துவிட்டுக் கேளுங்கள். முசேத்தா தன் தோட்டை விற்கக் கொடுக்கிறாள். நாலு நண்பர்களில் ஒருவனான கொல்லீன் தன் பழைய மேலங்கியை அடகு வைக்கும் முன் அதற்கு விடைசொல்லிப் பாடுகிறான். எல்லாரும் வெளியே போனதும் மிமீ கண் திறந்து, அந்த முதல் இரவை நினைவுகூர்கிறாள். சாவியை நீ சீக்கிரமே கண்டெடுத்துவிட்டாய் என்கிறாள். அவளுக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது! பிறகு அவன் அன்று சொன்ன அதே வார்த்தைகளை, ‘எவ்வளவு சில்லிட்ட சின்னக் கை’ என்பதை, இப்போது அவளே அந்த மெட்டில் பாடுகிறாள். தினமும் கால் மணி நேரம் கேட்டு வைத்தது இந்த நிமிடத்துக்காகத்தான்.

ஐந்தாவது மாலை காணொளி. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கின் சந்தாத் தளத்தில் உள்ள 1982 பதிவுதான் என் தேர்வு. ஃப்ரான்கோ செஃபிரெல்லியின் மேடை அமைப்பு, மிமீயாக தெரேசா ஸ்ட்ராட்டஸ், ரொடோல்ஃபோவாக ஹோஸே கரேராஸ். ஸ்ட்ராட்டஸின் முகத்தைப் பாருங்கள், நோயாளியாகவே வாழ்கிறார். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஓபராவிஷன் தளத்தில் ஐரோப்பிய அரங்குகளின் முழு ஓபராக்கள் சப்டைட்டிலோடு இலவசமாக வரும், சில மாதங்கள் இருக்கும். நீங்கள் போகும்போது ‘லா போயேம்’ இல்லாவிட்டாலும் வேறு நல்லது ஒன்று இருக்கும்.

ஏற்கெனவே ஓபரா கேட்பவர்களுக்கு

ஒரே காட்சியை மூன்று பதிவுகளில் அடுத்தடுத்துக் கேளுங்கள். கராயன், 1956இல் நியூயார்க்கில் பீச்சம் நடத்திய மோனோ பதிவு (பியர்லிங், விக்தோரியா தெ லொஸ் ஆங்கெலெஸ்), 1946இல் தொஸ்கனீனி நடத்திய வானொலிப் பதிவு. முதல் மேடையேற்றத்தை நடத்தியவரே ஐம்பது வருடம் கழித்து நடத்தியது இந்தக் கடைசிப் பதிவு. ஒலி மங்கலாக இருக்கும், வேகம் ஆச்சரியப்படுத்தும். ரெனாட்டா ஸ்கொட்டோவை 1977 மெட்ரோபாலிடன் ஓபரா ஒளிபரப்பில் மிமீயாகவும் மேலே சொன்ன 1982 பதிவில் முசேத்தாவாகவும் பார்க்கலாம். பியானோவோடு உள்ள இசைத்தாளை ஐஎம்எஸ்எல்பி என்ற இசைத்தாள் தளத்தில் இறக்கிக்கொண்டு பின்தொடர்வது இன்னொரு சுகம்.

மெட்ரோபாலிடன் ஓபராவின் சனிக்கிழமை நேரலையை நியூயார்க்கின் டபிள்யூக்யூஎக்ஸ்ஆர் வானொலியில் இணையம் வழியே கேட்கலாம். பெரும்பாலும் அவர்களுக்கு மதியம் 1 மணி. நமக்குக் குளிர்காலத்தில் இரவு 11.30, அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் 10.30.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

ஒருவர் இரண்டு அங்கம் கேட்டும் நான் சொன்ன எதுவும் வரவில்லையே என்று எழுதியிருந்தார். அவர் கேட்டது லியோன்கவல்லோவின் ‘லா போயேம்’. அதே கதையை வைத்து 1897இல் வெனிஸில் மேடையேறிய வேறு ஓபரா. அதே பெயரில் ஒரு பிரெஞ்சுப் பாட்டும் தேடலில் முன்னால் வந்து நிற்கும். இசையமைப்பாளர் பெயரோடும் நடத்துநர் பெயரோடும் தேடுங்கள்.

போனில் ஹெட்போன் துளை இல்லை என்பவர்களுக்கு: உள்ளே டேக் சில்லு (டிஜிட்டல் தகவலை ஹெட்போனுக்கான ஒலியாக மாற்றுவது) உள்ள யூஎஸ்பி-சி இணைப்பி வாங்குங்கள். சில்லு இல்லாத மலிவு இணைப்பிகள் சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும். ப்ளூடூத்தில் ஒலி மட்டும் கேட்கலாம். டிவியில் காணொளியோடு சேரும்போது வாயசைவும் குரலும் விலகக்கூடும்.

‘குரல் ஏன் நடுங்குகிறது?’ இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்தது. அது வைப்ரேட்டோ. நம் கமகம் ஸ்வரத்துக்கு ஸ்வரம் அசைந்து ராகத்தின் உருவத்தைக் காட்டும். வைப்ரேட்டோ பிடித்த ஸ்வரத்திலேயே நின்றபடி சீராக அதிரும். அதில் ராகபாவம் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். குரலின் நிறமாக எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று மாலைகளில் காது பழகிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். மிமீ இறந்துவிட்டது அறையில் ரொடோல்ஃபோவுக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது. அவள் பெயரை இரண்டு முறை கத்துகிறான், ஆர்கெஸ்ட்ரா எழுந்து அடங்குகிறது. ஒரு வாசகருக்கு அந்த நொடியிலேயே செயலி வேறு ஏதோ துள்ளல் பாட்டைப் போட்டுவிட்டதாம். நாலாம் அங்கத்துக்கு உட்காரும் முன் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள்.