டீம்ல எல்லாருக்கும் ஒரே பிஎன்பிஎம் வெர்ஷன்: கோர்பேக் செட்டப் பண்றது எப்படி?

டீம்ல நாலு பேர் ஒரே நோட் ஜேஎஸ் ப்ராஜெக்ட்ல வேலை பாக்குறாங்கன்னு வச்சுக்கோங்க, நோட் வெர்ஷன என்விஎம்னு ஒரு டூல் போட்டு ஒண்ணா வச்சுக்குவாங்க, ஆனா பேக்கேஜ் மேனேஜர் (லைப்ரரிய இன்ஸ்டால் பண்ற பிஎன்பிஎம், என்பிஎம், யார்ன் மாதிரி டூல்) வெர்ஷன யாரும் கண்டுக்கறதே இல்ல. பிஎன்பிஎம் 8 வச்சிருக்கவர் இன்ஸ்டால் பண்ணா லாக் ஃபைல்ல (எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன்னு குறிச்சு வைக்கிற ஃபைல்) மொத லைன்ல 6.0ன்னு இருக்கும், 9 வச்சிருக்கவர் பண்ணா 9.0ன்னு ஆயிடும், ஃபைலோட அமைப்பே வேற, அதனால நீங்க சேர்த்தது ஒரே ஒரு சின்ன லைப்ரரியா இருந்தாலும் லாக் ஃபைல் முழுக்க மாறிப்போய் பிஆர்ல (புல் ரிக்வெஸ்ட்) வந்து நிக்கும். அதுக்குள்ள நிஜமா என்ன மாறிச்சுன்னு யார் தேடுறது? என்பிஎம்லயும் இதே தான், 7லயும் 8லயும் லாக் ஃபைல் வெர்ஷன் 2, 9லேர்ந்து 3.

எந்த பேக்கேஜ் மேனேஜர், எந்த வெர்ஷன்னு ப்ராஜெக்ட்லயே ஒரு தடவ எழுதி வச்சிட்டா போதும், அத படிச்சு சரியான வெர்ஷன எடுத்து ஓட்டுற டூல் தான் கோர்பேக். கமாண்ட் எல்லாம் இங்க தமிழ் எழுத்துல இருக்கு, டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிங்க.

ஸ்டெப் 1: பழசா குளோபலா போட்ட யார்ன், பிஎன்பிஎம் இருந்தா அன்இன்ஸ்டால் பண்ணுங்க, என்பிஎம்ம மட்டும் தொடாதீங்க. அப்புறம் "என்பிஎம் இன்ஸ்டால் -ஜி கோர்பேக்@லேட்டஸ்ட்". நோட் 16.9லேர்ந்து 24 வரைக்கும் கோர்பேக் கூடவே வந்துச்சு, 25லேர்ந்து எடுத்துட்டாங்க. கூட வந்தது இருந்தாலும் அப்டேட் பண்ணிடுங்க, ஏன்னா 2025 ஆரம்பத்துல என்பிஎம் ரெஜிஸ்ட்ரியோட சைனிங் கீ மாறினதுல 0.31க்கு முந்தின கோர்பேக் எல்லாம் கீ பொருந்தலன்னு எரர் அடிக்குது.

ஸ்டெப் 2: "கோர்பேக் எனேபிள்". விண்டோஸ்ல பர்மிஷன் எரர் வந்தா டெர்மினல அட்மினா திறந்து அடிங்க.

ஸ்டெப் 3: இது தான் முக்கியம். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள போய் "கோர்பேக் யூஸ் பிஎன்பிஎம்@9.15.0"ன்னு அடிங்க. இப்ப பேக்கேஜ் டாட் ஜேசன திறந்து பாத்தா "பேக்கேஜ்மேனேஜர்"னு புதுசா ஒரு ஃபீல்ட் இருக்கும், வெர்ஷன் நம்பருக்குப் பின்னாடி ஒரு ப்ளஸ் போட்டு நீளமா ஒரு ஹேஷ் இருக்கும். அசிங்கமா இருக்குன்னு அத அழிச்சிடாதீங்க, டவுன்லோட் ஆகுற ஃபைல்ல யாரும் கை வைக்கலன்னு செக் பண்றதே அத வச்சு தான். டிபென்டென்சிக்குப் போடுற மாதிரி இங்க கேரட் (^), டில்டே (~) எல்லாம் போட முடியாது, முழு வெர்ஷன் தான். கமிட் பண்ணிடுங்க.

சரியா வந்துச்சான்னு பாக்க அதே ஃபோல்டர்ல "யார்ன் ஆட்"னு எதையாவது அடிச்சுப் பாருங்க, இந்த ப்ராஜெக்ட் பிஎன்பிஎம்க்கு செட் பண்ணதுன்னு சொல்லி நிறுத்திடும். புதுசா சேர்றவங்க தெரியாம இன்னொரு லாக் ஃபைல உருவாக்குறது இதோட நிக்கும். ஆனா என்பிஎம்ம இது தடுக்காது, அதுக்குத் தனியா "கோர்பேக் எனேபிள் என்பிஎம்" போடணும்.

சிஐல (கோட தானா பில்ட், டெஸ்ட் பண்ற செட்டப்) கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் யூஸ் பண்றீங்கன்னா பிஎன்பிஎம்மோட செட்டப் ஆக்‌ஷன்ல வெர்ஷன் எழுதவே வேணாம், அந்த ஃபீல்டையே படிச்சுக்கும். ரெண்டு எடத்துல எழுதி வேற வேறயா ஆச்சுன்னா எரர் தான் வரும்.

பின்னாடி அப்கிரேட் பண்ணணும்னா அதே யூஸ் கமாண்ட புது நம்பரோட அடிச்சு, லாக் ஃபைல் மாற்றத்த மட்டும் தனி பிஆரா போடுங்க, வேற கோட் எதையும் அதுல கலக்காதீங்க. பிஎன்பிஎம் 10 போட்டிருக்கவங்களுக்கு கோர்பேக் இல்லாமலே அந்த ஃபீல்ட பாத்து அதுவே சரியான வெர்ஷன எறக்கிக்கும், அதனால டீம் முழுக்க பிஎன்பிஎம் மட்டும் தான்னா ஃபீல்ட எழுதி வச்சாலே போதும்.