செலெக்ஸ்: புரதத்தைப் பற்றும் ஆர்.என்.ஏ.வைத் தேடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைப் பெருந்தொகுதியிலிருந்து சுற்றுச் சுற்றாகச் சலித்தெடுக்கும் செலெக்ஸ் முறையை, பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸில் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் புரதமான டி.என்.ஏ. பாலிமரேஸைக் கொண்டு கிரெய்க் டூர்க்கும் லாரி கோல்டும் 1990-இல் வெளியிட்டனர். ஆர்.என்.ஏ. சங்கிலியின் எட்டு இடங்களில் மட்டுமே A, C, G, U என்ற நான்கு எழுத்துகளையும் மாற்றி மாற்றி வைத்ததால் அவர்கள் கையாண்ட வரிசைகள் 65,536 தாம். இன்று வழக்கமாக 40 இடங்களை மாற்றுகிறோம். சாத்தியமான வரிசைகள் ஏறத்தாழ 10²⁴ என்றாலும் சோதனைக் குழாயில் இருப்பவை 10¹⁴ முதல் 10¹⁵ வரைதான். ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றிரண்டு பிரதிகளே உள்ள முதல் சுற்றிலேயே கடுமையாகக் கழுவினால், இழந்த மூலக்கூறு பிறகு திரும்பாது. புரதத்தின் செறிவைக் குறைத்துப் போட்டியைக் கூட்டுவது பிந்தைய சுற்றுகளின் வேலை.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, பிரித்தெடுக்கும் பொருளைக் கவனியாமல் விடுவது. நைட்ரோசெல்லுலோஸ் வடிதாள் புரதத்தைப் பிடித்துக்கொண்டு தனித்த ஆர்.என்.ஏ.வை வழியவிடும் என்ற நம்பிக்கையில்தான் வடிகட்டுகிறோம். ஆனால் சில ஆர்.என்.ஏ.க்கள் அந்தத் தாளையே பற்றுகின்றன, அவையும் பெருக்கப்பட்டு அடுத்த சுற்றுக்குச் செல்கின்றன. தாளில் தங்கும் அளவு சுற்றுக்குச் சுற்று கூடுவதைக் கண்டு மகிழ்ந்தவர்கள், புரதமே சேர்க்காத குழாயிலும் அதே அளவு தங்குவதைப் பல வாரங்கள் கழித்து அறிவது மிகவும் வேதனையானது. ஆகவே தொகுதியை முதலில் புரதமில்லாத வடிதாளின் வழியே செலுத்தி ஒட்டுபவற்றை நீக்குவதும், ஒவ்வொரு சுற்றிலும் புரதமில்லாத குழாயொன்றை உடன் வைப்பதும், வடிதாளையும், புரதத்தைப் பிடித்துவைக்கும் காந்த மணிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் கட்டாயம் என்றே கருதுகிறேன்.

தேர்வானவற்றைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையின் சுழற்சிகளை மிகையாக ஓட்டினால், பிணைப்பில் அல்ல, பெருகுவதில் வல்ல தவறான நீளத் துண்டுகள் தொகுதியை நிரப்பிவிடும். சில சுழற்சிகளுக்கு ஒருமுறை துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் பார்த்து உரிய இடத்தில் நிறுத்த வேண்டும்.

மருந்தாக்கும் எண்ணமிருந்தால், ஆர்.என்.ஏ.வை அரிக்கும் நொதிகளுக்கு எதிரான வேதி மாற்றத்தைத் தேர்வு முடிந்த பின் யோசிப்பதும் தவறே, ஏனெனில் சர்க்கரையில் செய்யும் மாற்றம் மடிப்பையே குலைக்கலாம். 2004-இல் அமெரிக்காவில் கண் நோய்க்கு ஒப்புதல் பெற்ற பெகாப்டனிப் என்னும் ஆர்.என்.ஏ. மருந்து, பிரிமிடின்களில் (C, U எழுத்துகளில்) சர்க்கரையின் 2'-புளோரோ மாற்றத்தோடேயே தேர்ந்தெடுக்கப்பட்டது; பியூரின்களில் (A, G எழுத்துகளில்) 2'-மெத்தாக்சி மாற்றம் பின்னர் சேர்க்கப்பட்டபோது, இரண்டு இடங்களை மட்டும் தொடாமல் விட வேண்டியிருந்தது.