கோழிப்பேன், செள்ளு: கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது

கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, கோழி ஓரமாகக் கண்ணை மூடி நின்றால் பலரும் உடனே தீவனக் கடைக்குப் போய் ஆன்டிபயாட்டிக் பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கிவிடுகிறார்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வருடம் முழுக்க வெயிலும் ஈரமும்தான். பூச்சிக்கு ஓய்வுக் காலமே இல்லை. அதனால் முதலில் இறகுக்கு அடியில் பாருங்கள், அப்புறம் கூண்டில் பாருங்கள். இரத்தம் உறிஞ்சப்படும் கோழிக்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது.

தீவனம், தண்ணீர், கூண்டு அளவு பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. நேராக வேலைக்குப் போகலாம்.

படி 1: எந்தப் பூச்சி என்று கண்டுபிடியுங்கள்

பகல் வெளிச்சத்தில் கோழியைத் தலைகீழாகப் பிடிக்காமல், மடியில் வைத்து வாலைத் தூக்கி, ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை விரலால் பிரியுங்கள். வைக்கோல் நிறத்தில், தட்டையாக, 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளத்தில் வெளிச்சம் பட்டதும் ஓடுவது பேன். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கட்டிப்போய் ஒட்டியிருப்பது அதன் ஈர். பேன் இரத்தத்தை நம்பி வாழ்வதில்லை. தோல் செதிலையும் இறகையும் தின்னும். முழு வாழ்க்கையும் கோழி மேலேயே.

மிளகுத்தூள் சிந்தியது போல நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தால், ஆசனவாய்ப் பக்கத்து இறகு அழுக்கேறிக் கறுத்திருந்தால், அது செள்ளு. உங்கள் கை மேலும் ஏறும், அரிக்கும். ஆனால் மனிதர் உடம்பில் அது பெருகாது, குளித்துவிட்டால் போதும்.

பகலில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் கொண்டை வெளுத்திருக்கிறது, சாயங்காலம் கூண்டுக்குள் போகக் கோழிகள் தயங்குகின்றன என்றால் சந்தேகப்பட வேண்டியது சிவப்புச் செள்ளு. இது பகலில் கோழி மேல் இருப்பதே இல்லை. கட்டை இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் வந்து உறிஞ்சிவிட்டுத் திரும்பிவிடும். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளை டிஷ்யூத் தாளால் அழுத்தித் துடையுங்கள். தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் அது உங்கள் கோழியின் இரத்தம்.

காலையும் விட்டுவிடாதீர்கள். செதில்கள் தூக்கிக்கொண்டு, அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் படிந்திருந்தால் கால்செதில் செள்ளு. அதற்கு வைத்தியம் வேறு, கடைசியில் சொல்கிறேன்.

படி 2: வாங்க வேண்டியவை

பெர்மெத்ரின் 0.25 சதவீதத் தூள், கூண்டுக்குப் பெர்மெத்ரின் 10 சதவீத ஈசி திரவம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் அடர்த்தியான மருந்து), கையுறை, முகக்கவசம், பழைய காலுறை ஒன்று, கம்பித் தூரிகை, 2 லிட்டர் பம்ப் ஸ்பிரேயர், வாஸலின். கடையில் மலாயில் 'ஊபாட் குத்து ஆயாம்' (கோழிப்பேன் மருந்து) என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் லேபிளில் மருந்தின் பெயரும் சதவீதமும் கோழிக்கு என்ற குறிப்பும் இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். லேபிள் இல்லாமல் பொட்டலம் கட்டித் தருவதை வாங்காதீர்கள்.

விளக்கு விஷயத்தில், நெற்றியில் கட்டும் விளக்குதான் வாங்க வேண்டும். கையில் டார்ச் பிடித்துக்கொண்டு கோழியையும் பிடித்துத் தூளும் தூவ முடியாது. ஸ்பிரேயரும் அழுத்தம் கொடுத்து அடிக்கும் பம்ப் வகையாக இருக்கட்டும். சலவைக்கு வைத்திருக்கும் விசைப் போத்தல் மேற்பரப்பைத்தான் நனைக்கும், இடுக்குக்குள் போகாது.

வீட்டுக் கொசு ஸ்பிரேயைக் கோழி மேல் அடிக்கவே கூடாது. காலில் மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில் பூசும் வழக்கமும் வேண்டாம். தோல் வெந்துவிடும், கோழி அலகால் கோதும்போது உள்ளேயும் போகும்.

படி 3: கோழிக்கு மருந்து

மங்கிய நேரத்தில் செய்யுங்கள்; கோழி அமைதியாக இருக்கும். அன்றைய முட்டைகளை முன்பே எடுத்துவிடுங்கள். தூளைக் காலுறையில் போட்டு முடிச்சிட்டுத் தட்டினால் மெல்லியதாக விழும், வீணாகாது. ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி போதும். ஆசனவாயைச் சுற்றி, இரண்டு இறக்கைக்கு அடியில், தொடையில், கழுத்தடியில் தட்டி, இறகை எதிர்ப்பக்கமாகத் தடவித் தோல் வரைக்கும் போக விடுங்கள். முகத்தில் வேண்டாம்.

எல்லாக் கோழிக்கும் ஒரே மாலையில் போட வேண்டும், சேவல் உட்பட. ஒன்றை விட்டால் அதிலிருந்து மறுபடி பரவும்.

இனி அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். இந்தத் தூள் ஈரையும் செள்ளு முட்டையையும் கொல்லாது. பேன் ஈர் 4 முதல் 7 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுப் பேன் வளர்ந்து தானும் ஈர் வைக்க இரண்டு வாரம் போல ஆகும். அதனால் பத்தாம் நாள் இரண்டாவது முறை போட்டால் பொரித்ததெல்லாம் பெருகுவதற்கு முன் அடிபடும். செள்ளுக்கு இந்தக் கணக்கு சரிவராது. நம் ஊர்ச் சூட்டில் அதன் முழுச் சுற்றே ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆகவே ஏழாம் நாள் ஒன்று, பதினான்காம் நாள் ஒன்று. கோழி நன்றாகிவிட்டது போலத் தெரிவதால் இரண்டாம் முறையை விட்டுவிடுகிறார்கள். மூன்று வாரத்தில் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று வேறு மருந்து தேடுகிறார்கள். முதல் நாளே நாள்காட்டியில் தேதிகளை வட்டமிட்டு வையுங்கள்.

படி 4: கூண்டு

செள்ளுக்கு உண்மையான வைத்தியம் இதுதான். சிவப்புச் செள்ளு உணவே இல்லாமல் பல வாரம், குளிர்ந்த நாடுகளில் பல மாதம் கூடத் தாக்குப்பிடிக்கும். கோழியைச் சுத்தமாக்கி அதே கட்டையில் உட்கார வைத்தால் அன்றிரவே மறுபடி ஏறிவிடும்.

மழை இல்லாத காலையாகப் பாருங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும். கூண்டு காயாமல் மருந்து அடித்தால் நீர்த்துப்போய் வீண். கோழிகளை வெளியே விட்டு, பழைய மரத்தூள், உமி எல்லாவற்றையும் கறுப்புப் பையில் அள்ளி இறுகக் கட்டுங்கள். கொளுத்தாதீர்கள், திறந்தவெளியில் எரிப்பது இங்கே சட்டப்படி குற்றம். கட்டிய பையை நல்ல வெயிலில் சில நாள் போட்டுவிட்டு அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள். செடிக்கு எருவாகப் போட்டால் பூச்சி கூண்டுக்கே திரும்பும்.

அடுத்து, உட்காரும் கட்டைகளைக் கழற்றுங்கள். கட்டாயம் கழற்ற வேண்டும். கட்டையின் முனை சுவரில் செருகியிருக்கும் அந்தச் சிறு குழிதான் செள்ளின் தலைமையகம். சாம்பல் நிறத் தூசி போல, உப்பும் மிளகும் கலந்தது போலத் தெரிவதெல்லாம் அதன் கழிவும் சட்டையும். முட்டைப் பெட்டியின் அடிப்பலகை, ஆணித் துளை, துத்தநாகத் தகட்டின் மடிப்பு, அத்தாப்புக் கூரையாக இருந்தால் ஓலை மேல் ஓலை படியும் இடம் என்று எல்லாவற்றையும் கம்பித் தூரிகையால் சுரண்டி, சுடுநீரும் சோப்பும் விட்டுக் கழுவி வெயிலில் காய விடுங்கள்.

காய்ந்த பிறகு மருந்து. பெர்மெத்ரின் 10 சதவீத ஈசி 5 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.05 சதவீதம் கிடைக்கும். லேபிள் வேறு அளவு சொன்னால் லேபிளைப் பின்பற்றுங்கள். முனையை இடுக்கில் வைத்து, வழிந்து ஓடும் அளவுக்கு அடியுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகுதான் புது மரத்தூளும் கோழிகளும் உள்ளே. ஏழாம் நாள் மறுபடி அடியுங்கள்.

மூங்கில் கட்டை வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே பொந்து, கணுவில் வெடிப்பு, எவ்வளவு அடித்தாலும் மருந்து எட்டாது. பிவிசி குழாய் கழுவச் சுலபம், ஆனால் வழுக்கும். இழைத்து ஓரம் உருட்டிய இரண்டுக்கு இரண்டு அங்குலக் கட்டைதான் நல்லது. அதைச் சுவரில் செருகாமல் போல்ட் மேல் நிறுத்தி, போல்ட்டில் கிரீஸ் தடவுங்கள். சுவரைத் தொடாத கட்டைக்குச் செள்ளு அந்த வழியாகத்தான் ஏறியாக வேண்டும்.

கூரையில் மைனா, சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். செள்ளு வந்து சேரும் வழிகளில் அதுவும் ஒன்று. குஞ்சு பறந்த பின் கூட்டை எடுத்து, இடைவெளியை 12 மில்லிமீட்டர் வலையால் அடையுங்கள். சந்தையில் வாங்கிய கோழியைக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம் தனியே வையுங்கள். அடைக்கோழியை மறக்கவே கூடாது: மூன்று வாரம் அசையாமல் உட்காரும் அதன் கூட்டில் செள்ளு கொழிக்கும், பொரித்த குஞ்சுகள் இரத்தம் இழந்தே செத்துப்போகும்.

படி 5: கால்

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். மென்மையான பல்துலக்கியால் லேசாகத் தேயுங்கள், செதிலைப் பிய்க்காதீர்கள். துடைத்துவிட்டு வாஸலினைக் கனமாகப் பூசுங்கள். காற்று போகாமல் செள்ளு சாகும். இரண்டு நாளுக்கு ஒரு முறை, மூன்று வாரம். முற்றியிருந்தால் 90 கிராம் வாஸலினில் 10 கிராம் கந்தகத் தூள் குழைத்துப் பூசலாம். செதில் பழைய நிலைக்கு வரப் பல மாதம் ஆகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பூச்சி இல்லை, ஆனாலும் சுகமில்லை என்றால்

குஞ்சுகள் குன்றி உட்கார்ந்து எச்சத்தில் இரத்தம் வந்தால் இரத்தக் கழிச்சல். அம்ப்ரோலியம் 20 சதவீதப் பொடி 1 லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். அந்த நாட்களில் பி1 சேர்ந்த வைட்டமின் கொடுத்தால் மருந்து பலிக்காது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுத்த பொருக்கு வந்தால் அம்மை. கொசு பரப்பும் வைரஸ், மருந்தில்லை; பொருக்கைப் பிய்க்காமல் அயோடின் தடவி வைத்தால் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் ஆறும். முகம் வீங்கி, மூக்கில் நாற்றத்துடன் சளி வந்தால் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் நியூகாசில் நோயின் அடையாளம். இங்கே மலாயில் சம்பார் என்பார்கள். வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசிதான் வழி. 1980களில் செர்டாங்கில், அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில், வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கம்பத்து (கிராமத்து) கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு நடந்ததே இந்த நோய்க்காகத்தான்.

பல கோழிகள் ஓரிரு நாளில் திடீரென்று செத்தால் அறுக்காதீர்கள், தின்னாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். 2006-ல் செத்தாப்பாக் பக்கத்திலும் செபராங் பிறையிலும் பறவைக் காய்ச்சல் வந்தது. அப்போது சிக்கியவையும் கம்பத்துக் கோழிகளே.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவை

வீட்டில் பூனை இருக்கிறது என்றால் மிகவும் கவனம். பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், மீனுக்கும் விஷம். கூண்டு காயும் வரை பூனையை வீட்டுக்குள் வையுங்கள். ஸ்பிரேயர் கழுவிய தண்ணீரைச் சாக்கடையிலோ மீன் தொட்டிப் பக்கமோ ஊற்றாதீர்கள்.

டயட்டம் மண் (நுண்பாசி ஓடுகளின் தூள்) போதாதா என்று பலர் கேட்டார்கள். அது பூச்சியை உலர்த்திக் கொல்வது. நம் ஈரக் காற்றில் அது தானே நனைந்துவிடும். கூரைக்குக் கீழே மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கோழிகள் புரள இடம் செய்து கொடுங்கள். தடுப்பதற்கு அது உதவும், ஏற்கெனவே பெருகியதை ஒழிக்காது. வேப்பெண்ணெயும் அப்படித்தான்: 1 லிட்டர் தண்ணீரில் 10 மில்லி எண்ணெயும் சில துளி பாத்திரச் சோப்பும் கலந்து மாதம் ஒரு முறை கட்டைகளுக்கு அடிக்கலாம்.

ஐவர்மெக்டின் ஊசி மருந்தைச் சொட்டு விடலாமா? நாட்டுக்கோழியின் எடைக்கு ஒரு சொட்டே அதிகமாகிவிடக்கூடும், முட்டையிலும் தங்கும். எடை பார்த்து அளவும், எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பதும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெர்மெத்ரின் தூளுக்கு முட்டை ஒதுக்கும் நாள் லேபிளில் இருக்கும். தூள் நேரடியாகப் படிந்த முட்டையை எறிந்துவிடுங்கள்.