ஸ்பேஸ் சார்ட்ல மிஷன் நம்பர் குழப்பாம எழுதுறது எப்படி

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எக்ஸிபிஷன்னு வந்தா கலாம் அய்யா ஊராச்சேன்னு புள்ளைங்க ஸ்பேஸ் சார்ட்டு தான் போடுதுக, ஆனா 1, 2, 3ன்னு வரிசையா எழுதிட்டா பாதி தப்பாயிரும்.

மொதல்ல மெர்குரி, அமெரிக்கா மொதமொதல்ல ஆள விண்வெளிக்கு அனுப்புன திட்டம். விசைப்படகுல ஒரு நம்பரும் ஓனர் வச்ச பேரும் இருக்கும்ல, அதே மாதிரி இங்கயும், அதனால ரெண்டு கட்டம் போடுங்க. 1961 மே 5ல ஆலன் ஷெப்பர்டு போனது எம்ஆர்-3, அதாவது எம் மெர்குரி, ஆர் ரெட்ஸ்டோன் ராக்கெட், ஆளில்லாம போனதையும் சேத்து எண்ணுனதால 3. அவர் வச்ச பேரு ஃப்ரீடம் 7. இந்த 7ஐ பயண நம்பர்னு எழுதிராதீங்க, அது அவரோட கேப்ஸ்யூல் நம்பர், பின்னாடி வந்தவங்க ஏழு பேரு டீமுக்காக அப்படியே வச்சுக்கிட்டாங்க.

அதுக்கு அடுத்த அமெரிக்க திட்டம் ஜெமினி, அதுக்கு தேதியும் எழுதுங்க. 1965 டிசம்பர் 4லயே 7 கிளம்பிருச்சு, 6 போனது 15ந்தேதி, ஏன்னா அது போய் சேரவேண்டிய அஜீனாங்கிற ஆளில்லாத கலம் அக்டோபர்ல வெடிச்சிருச்சு, அப்பறம் ப்ளான மாத்தி 6ஏ ஆக்கிட்டாங்க.

நிலாவுக்கு ஆள் அனுப்புன அப்போலோ தான் பெரிய தலைவலி. 1967 ஜனவரி 27 தீ விபத்துல மூணு பேரு இறந்தாங்க, அது பறக்கவே இல்ல, ஆனாலும் அவங்க மனைவிமார் கேட்டுக்கிட்டதுனால அப்போலோ 1ங்கிற பேர அவங்களுக்கே விட்டாச்சு. அடுத்து பறந்தது 4. 2, 3ன்னு எதுவும் பறக்கல, தேடாதீங்க. ஆளோட மொதல்ல போனது 7. 9ல ரெண்டு வண்டி தனித்தனியா பறந்துச்சா, ரேடியோல பிரிச்சு கூப்பிட மறுபடி பேரு வச்சாங்க, கம்டிராப், ஸ்பைடர்னு.

சோவியத் ரஷ்யாவோட வோஸ்டோக் ஈஸி, 1 முதல் 6 வரை எல்லாத்துலயும் ஆள் உண்டு.