சரித்திர நாவல் படிக்க எடுக்கும்போது நம்மாளுங்க பண்ற தப்பு

மலேசியாவுல கெடா மாநிலத்து பீடோங்ல எங்க வீட்டுக்கு ரெண்டு கதவு தள்ளி ஒரு அண்ணன் இருக்காரு, செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏத்துற லோரி ஓட்டுறவரு. 2022ல பொன்னியின் செல்வன் படம் வந்தப்ப சுங்கைப்பட்டாணி போய் பார்த்துட்டு அதே சூட்டோட அஞ்சு பாகத்தையும் வாங்கிட்டாரு. ஷோகேஸ்ல வரிசையா நிக்குது. போன தீபாவளிக்கு அவங்க வீட்டுக்கு போனப்ப முதல் பாகத்த எடுத்து பிரிச்சேன், 62வது பக்கத்துல ஒரு பெட்ரோல் ரசீது, தேதி பார்த்தா 2022 நவம்பர். அதுக்கப்புறம் அந்த புத்தகம் அசையவே இல்ல. கேட்டதுக்கு "நமக்கெல்லாம் படிப்பு வராதும்மா"ன்னாரு. எனக்கு மனசு கேக்கல. தினம் பேப்பர ஒரு வரி விடாம படிக்கிற மனுஷன் அவரு, அவருக்கு போய் படிப்பு வராதா, ஆரம்பிச்ச இடம்தான் தப்பு.

பேர் பெருசா இருக்குன்னு பெருசுலயே கை வைக்கிறதுதான் நான் ரொம்ப பாக்குற தப்பு. பொன்னியின் செல்வன் தமிழ் ஒண்ணும் கஷ்டம் இல்ல, ஆனா ஆளுங்க அதிகம். பழுவேட்டரையர்லயே பெரியவரு ஒருத்தர் சின்னவரு ஒருத்தர், அப்புறம் சம்புவரையர், அநிருத்தர், ஆழ்வார்க்கடியான்னு வந்துக்கிட்டே இருப்பாங்க. கல்கி அத 1950ல இருந்து 1954 வரைக்கும் பத்திரிகைல வாரா வாரம் எழுதினாரு, படிச்சவங்களுக்கும் அவ்வளவு ஆளுங்கள மனசுல ஏத்திக்க மூணு வருஷத்துக்கு மேல டைம் இருந்துச்சு. நாம ஒரு ஸ்கூல் லீவுல முடிக்கணும்னு உக்காருறோம். படம் பார்த்துட்டு வர்றவங்களுக்கு இன்னொரு சிக்கல், மனசுல படத்தோட வேகம் ஓடிக்கிட்டு இருக்கும், புத்தகத்துல வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீராணம் ஏரிக்கரையில நிதானமா குதிரையில போய்க்கிட்டு இருப்பான், ஏரியையும் தண்ணியையும் ஜனங்களையும் வேடிக்கை பாத்துக்கிட்டு. அந்த நிதானம்தான் அதோட ருசி, முதல் தடவையா சரித்திர நாவல் எடுக்கிறவங்களுக்கு அது பிடிபட நாளாகும்.

அதனால யாரு கேட்டாலும் நான் முதல்ல குடுக்கிறது பார்த்திபன் கனவு. அதுவும் கல்கிதான், மூணு பாகம் சேர்ந்து ஒரே புத்தகத்துல அடங்கிடும். உறையூர் பக்கம் காவிரிக் கரையில ஓடக்காரன் பொன்னன், அவன் பொஞ்சாதி வள்ளி, அவங்ககிட்ட இருந்துதான் கதையே தொடங்குது, ராஜா அப்புறமாத்தான் வர்றாரு. எங்க அத்தை முப்பது வருஷம் தோட்டத்துல ரப்பர் மரம் சீவினவங்க, ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சாங்க, அவங்களுக்கு முதல் அத்தியாயத்த நான் வாய் விட்டு படிச்சு காட்டினேன், மறுநாள் காலைல பசியாறிட்டு கண்ணாடிய போட்டுக்கிட்டு அவங்களே எடுத்து உக்காந்துட்டாங்க. கதையில ஒரு சிவனடியார் வருவாரு. அவரு யாருன்னு படிச்சவங்க யார்கிட்டயும் கேட்டுடாதீங்க, நெட்லயும் தேடாதீங்க.

இங்க ஒரு குழப்பம் வரும். சிவகாமியின் சபதம் கதை காலத்தால முந்தினது, பல்லவ ராஜா மாமல்லர் சாளுக்கியரோட வாதாபி மேல படையெடுத்து போறது அதுலதான் வருது, பார்த்திபன் கனவு அதுக்கு பின்னாடி நடக்கிற கதை. சரி வரிசையா படிப்போம்னு சிலர் சிவகாமிய முதல்ல எடுத்துக்கிறாங்க. கல்கி எழுதினதே பார்த்திபன் கனவதான் முதல்ல, அவர் போன வழியிலயே நாமும் போனா ஒண்ணும் குறைஞ்சிடாது, அந்த சிவனடியார் விஷயமும் கெடாம இருக்கும்.

அடுத்தது பதிப்பு பாக்காம வாங்குறது. கல்கி எழுத்தெல்லாம் நாட்டுடைமை ஆயிடுச்சு, அதனால யாரு வேணும்னாலும் அச்சு போடலாம், போடுறாங்க. நல்லதும் இருக்கு, மோசமானதும் இருக்கு. ஒரு புத்தகக் கண்காட்சியில சிவகாமியின் சபதம் சின்னதா ஒரே புத்தகமா மலிவா கிடைக்குதேன்னு வாங்கிட்டு வந்தேன், பாதி படிச்சப்புறம்தான் என்னடா சம்பவம் சம்பவமா தாவுதேன்னு சந்தேகம் வந்து முன்பக்கத்த பார்த்தா குட்டி எழுத்துல 'சுருக்கம்'னு இருக்கு. அன்னைக்கு ரொம்ப வருத்தமா போச்சு, ஒரு நல்ல கதைய முதல் தடவை படிக்கிற சந்தோஷம் ஒரு தடவைதானே கிடைக்கும். இப்பல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி பொருளடக்கத்த பாத்துடுவேன். பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு, இந்த நாலு பாகமும் அத்தியாயப் பேரோட இருக்கணும். அப்படியே நடுவுல ஒரு தாள தூக்கி வெளிச்சத்துல பாருங்க, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிஞ்சா வேணாம், வயசானவங்களால அத பத்து பக்கம் கூட படிக்க முடியாது.

ஒரே மூச்சுல படிக்கிறதும் வேணாம். தொடர்கதையா வந்தது, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சுல நிக்கும், நடுநடுவுல பழைய விஷயத்த திரும்ப ஞாபகப்படுத்துவாரு. சேர்த்து நூறு பக்கம் படிச்சா சொன்னதையே சொல்ற மாதிரி இருக்கும். ராத்திரி சாப்பிட்டு ரெண்டு அத்தியாயம், அவ்வளவு போதும்.

சரித்திர நாவல் எழுதின சாண்டில்யன் பத்தியும் சொல்லணும், ஏன்னா எங்க ஊர்ல அவரோட கடல் புறாவுக்கு தனி மவுசு, கதையில வர்ற கடாரம் நம்ம கெடாதானே. வாசல்ல நின்னா ஜெராய் மலை தெரியும், மலை அடிவாரத்துல மெர்போக்ல பூஜாங் பள்ளத்தாக்கு, பழைய கோயில் அடித்தளமெல்லாம் கண்ணால பாக்கலாம். கடல் சண்டையும் கப்பலும் பிரமாதமா இருக்கும், அதே சமயம் பெண்கள வர்ணிக்க ஆரம்பிச்சா பக்கம் பக்கமா போவாரு, பதிமூணு வயசுப் பிள்ளைக்கு பரிசா குடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை புரட்டிப் பாருங்க. வர்ணனைய தாண்டிப் போறது பாவம் இல்ல, கதை விட்டுப் போகாது.

நாவல்ல வந்ததெல்லாம் நடந்ததுன்னு பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கிறவங்களயும் பார்த்திருக்கேன். ராஜேந்திர சோழன் 1025ல கடாரத்து மேல படை அனுப்பினது சரித்திரம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையானதும் சரித்திரம், உடையார்குடி கல்வெட்டுல கொலைகாரங்க பேரே இருக்கு. பொன்னியின் செல்வன்ல வர்ற நந்தினியும் பூங்குழலியும் கல்கி மனசுல பொறந்தவங்க. அதுக்காக ஒவ்வொரு வரிக்கும் போன எடுத்து சரிபாத்தாலும் கதை செத்துப் போயிடும். முடிச்சுட்டு பாருங்க, அப்ப அதுவே இன்னொரு சுவாரசியம்.

எனக்கு ரொம்ப ஆதங்கம் எதுலன்னா, சரித்திரம்னா ராஜா குதிரை வாள் மட்டும்னு நினைக்கிறோம். 1942, 43ல ஜப்பான்காரன் காலத்துல சயாம் (இப்ப தாய்லாந்து) ரயில் பாதை போட 415 கிலோமீட்டர் காட்டுக்குள்ள நம்ம தோட்டத்து ஆளுங்களயும் பிடிச்சுக்கிட்டு போனாங்க, அ. ரெங்கசாமியோட நினைவுச் சின்னம் அந்தக் கதைதான். லயம் (தோட்டத்து வரிசை வீடு), கங்காணி (வேலையாளுங்கள மேய்க்கிறவரு), கிராணி (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்) எல்லாம் நமக்கு தெரிஞ்ச உலகம், விளக்கமே தேவையில்ல, தமிழும் சுலபம். ஆனா மனசு பாரமாயிடும், சந்தோஷமா பொழுது போகணும்னு தேடுற வாரத்துல எடுக்காதீங்க. ப. சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணியும் யுத்த காலத்து பினாங்கு, இந்தோனேசியாவுல மேடான் பக்கம் நடக்கிற கதைதான், எனக்கு உயிர், ஆனா அது நடை பழகினவங்களுக்கான புத்தகம், மூணாவது நாலாவதா வச்சுக்குங்க.

லோரி அண்ணனுக்கு போன மாசம் பார்த்திபன் கனவு குடுத்தேன். மில்லுல பழக்குலை இறக்க லைன்ல நிக்கிற நேரத்துல படிக்கிறாராம். முந்தாநாள் ராத்திரி பத்தரைக்கு மேல மெசேஜ் போட்டிருந்தாரு, "அந்தச் சாமியாரு யாரும்மா?"ன்னு. நான் இன்னும் பதில் போடல.