'எக்ஸ்பிளெய்ன் மீ' ஏன் பிழை?

யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: 'சேர், எக்ஸ்பிளெய்ன் மீ திஸ் சம்.' கேட்கிற பிள்ளைக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது. 'கிவ் மீ த புக்', 'ஷோ மீ த ஆன்சர்', 'சென்ட் மீ த நோட்ஸ்' எல்லாம் சரியென்றால் இது மட்டும் ஏன் பிழை? நியாயமான கேள்விதான்.

ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்ததை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். ஆளை முன்னுக்கு விட்டு 'ஐ கேவ் அம்மா த கீ' என்பது ஒன்று. பொருளை முன்னுக்கு விட்டு, ஆளுக்கு முன்னால் 'டு' போட்டு 'ஐ கேவ் த கீ டு அம்மா' என்பது மற்றது. தமிழில் எங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'அம்மாவுக்குத் திறப்பைக் கொடுத்தேன்', 'திறப்பை அம்மாவுக்குக் கொடுத்தேன்' இரண்டும் ஒன்றுதான். 'கு' உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது சொல் நிற்கும் இடம், இல்லாவிட்டால் 'டு'. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 'ஐ கேவ் டு அம்மா த கீ' என்று கோணலாகிவிடும். 'ஐ டோல்ட் டு ஹிம்', 'ஆஸ்க் டு சேர்' இரண்டும் அதே வழியில் வருபவை. 'டெல்', 'ஆஸ்க்' இரண்டுக்கும் பின்னால் ஆள் நேரே வரட்டும்.

சரி, 'எக்ஸ்பிளெய்ன்'? அது இரண்டாவது விதத்தை மட்டும் ஏற்கும்: 'எக்ஸ்பிளெய்ன் திஸ் சம் டு மீ.' 'சஜஸ்ட்', 'டிஸ்கிரைப்', 'அனவுன்ஸ்', 'டொனேட்', 'இன்ட்ரடியூஸ்' எல்லாம் இதே கூட்டம். லத்தீன் வேரிலிருந்து வந்த நீளமான வினைகள் பெரும்பாலும் ஆளை நேரே ஏற்பதில்லை. 'கிவ்', 'சென்ட்', 'ஷோ' போன்ற பழைய கட்டைச் சொற்கள் ஏற்கும். இதை வாய்ப்பாடாக நம்பிவிடவும் வேண்டாம். 'ப்ராமிஸ்' லத்தீன் வழி வந்தது, ஆனால் 'ப்ராமிஸ் மீ' சரி. 'சே' குட்டிச் சொல், ஆனால் 'சே மீ' பிழை. வினையை முழு வசனத்தோடு பாடமாக்குவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

கந்தோருக்கு எழுதும் கடிதங்களில் இதே பிழை கொஞ்சம் வேஷம் மாறி வரும்: 'ஐ வாஸ் எக்ஸ்பிளெய்ண்ட் த ரூல்ஸ்.' 'ஐ வாஸ் கிவன் அ ஃபோம்' சரியாக இருப்பதால் வரும் மயக்கம். 'த ரூல்ஸ் வேர் எக்ஸ்பிளெய்ண்ட் டு மீ' என்று எழுதுங்கள்.

அடுத்தது பார்சல். எங்கள் பக்கத்தில் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் வெளிநாட்டுக்கு அனுப்பாத வீடுகள் குறைவு. 'அக்காவுக்கு அனுப்பினேன்', 'கனடாவுக்கு அனுப்பினேன்' இரண்டிலும் ஒரே 'கு'. 'ஐ சென்ட் அக்கா அ பார்சல்' சரி. 'ஐ சென்ட் கனடா அ பார்சல்' என்றால் கனடாவே கதவைத் திறந்து பார்சலை வாங்கியதுபோல இருக்கும். முன்னுக்கு வருவது பொருளைப் பெற்றுக்கொள்ளக்கூடிய ஆளாகவோ நிறுவனமாகவோ இருக்க வேண்டும். வெறும் இடமென்றால் 'டு கனடா'தான்.

அந்த 'கு' இன்னோர் இடத்திலும் காலை வாரும். 'அம்மாவுக்குச் சேலை வாங்கினேன்' என்பதை 'ஐ போட் அ சாரி டு அம்மா' என்று எழுதுகிறார்கள். வாங்கும்போது சேலை இன்னும் கடையில்தான் இருக்கிறது, அம்மாவின் கைக்குப் போகவில்லை. 'ஃபோர் அம்மா' என்று வர வேண்டும். 'மேக்', 'குக்' போன்ற, ஒருவருக்காகச் செய்யும் வினைகளும் அப்படித்தான். ஆளை முன்னுக்கு விட்டு 'ஐ போட் அம்மா அ சாரி' என்றாலும் நல்லது.

கடைசியாக, பொருளை விழுங்கிவிடும் பழக்கம். 'ஃபோமைச் சேரிடம் கொடுத்தியா?' என்றால் 'ஓம், கொடுத்தேன்' என்பதே தமிழில் போதும். அதையே 'யெஸ், ஐ கேவ்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் வசனம் பாதியில் நிற்கும். 'ஐ கேவ் இட் டு ஹிம்' என்று முழுதாகச் சொல்லுங்கள். 'ஐ கேவ் ஹிம் இட்' என்று சொல்பவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். பரீட்சைத் தாளில் அந்த வம்பு வேண்டாம்.